மூன்று நாள் மழை

அக்கா, இன்று காலை வாசலில் கிடந்த பத்திரிகை நனைந்திருந்தது. அடுப்பருகே காயவைத்தேன். ஈரக் காகிதமும் மையும் சேர்ந்த வாசம் எழுந்ததும் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பராவுக்கே போய்விட்டேன். அக்கரப்பத்தனைக்கு வரும் பஸ்ஸில் நனைந்தே வரும் பத்திரிகையை, பால் காய்ச்சும் அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைப்பீர்கள். கொழுந்து பறிக்கும் தாய்மார் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வரும் நேரத்தில் அதைச் சத்தமாக வாசிப்பீர்கள். நிருபரான என் செய்தி வரும் நாட்களில் உங்கள் குரலில் கொஞ்சம் பெருமை கூடும் என்று அவர்கள் சொல்வார்கள். நானும் அதை நம்பி நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

அந்த நெஞ்சை நீங்கள்தான் இறக்கி வைத்தீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை விடியலில் மண்மேடு சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் மூன்று வீடுகளை மூடியது. வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் என்பதால் எல்லோரும் வெளியே ஓடித் தப்பினார்கள். நான் நேரே தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் மழைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒரே நாளுக்கு எதிரே அவ்வளவு பெரிய எண். "இது இயற்கையின் செயல், நாங்கள் என்ன செய்ய?" என்றார். 'ஒரே நாளில் பேய்மழை: பருவநிலை மாற்றத்தின் கோரம்' என்று எழுதி அனுப்பினேன். முதல் பக்கத்தில் வந்தது.

மறுநாள் பாராட்டு வாங்கத்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் பத்திரிகையை மடித்து என் கையில் கொடுத்தீர்கள்.

"மழையளக்கிற போத்தல் பிள்ளைக்காம்பரா முத்தத்துலதானே இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சனிக்கெழம காலையில அளந்தேன். ஞாயித்துக்கெழம லீவு, திங்கக்கெழம போயா, பௌர்ணமி லீவு. ரெண்டு நாளும் பிள்ளைக்காம்பரா பூட்டு. செவ்வாக்கெழம அளந்தது மூணு நாத் தண்ணிங்க. சொல்லித்தான் குடுத்தேன், கிளாக்கர் ஐயா ஒரே வரியில எழுதிட்டாரு."

மூன்றாகப் பிரித்துப் பார்த்தால், எல்லா ஆடியிலும் பெய்யும் மழைதான். எனக்கு முகம் சுருங்கியது. நீங்கள் விடவில்லை.

"மலையில தண்ணிக் கான் வெட்டி ரெண்டு வருசமாச்சு. தண்ணி போக வழியில்லாம மண்ணு ஊறிச்சு. கீழ் லயத்துக்கு மேலயும் அதே கதிதான். அங்க இன்னும் சனம் படுத்திருக்கு. நீங்க மழை மேல பழியப் போட்டா, மழை வந்து மறுப்பு எழுதுமா?"

திருத்தம் அனுப்பினேன். கொழும்பிலிருந்து பதிலே இல்லை. தொலைபேசியில் கேட்டால், பத்திரிகையின் மானம் போகும் என்றார்கள். உள்ளதைச் சொல்கிறேன், என் நிருபர் அட்டை போய்விடும் என்று பயந்து நான் சும்மா இருந்துவிடப் பார்த்தேன். உங்களுக்கோ வேலையே போகக்கூடிய ஆபத்து. ஆனாலும் உங்கள் கொப்பியிலிருந்த மழைக்கணக்கை அழகாகப் பிரதி எடுத்து, கீழ் லயத்தார் எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினீர்கள். "என் பேரையும் போடச் சொல்லுங்க. அளந்தவ நான்தானே" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. அடுத்த பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போய் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்தேன்.

ஏழாம் பக்கத்தின் அடியில் நான்கு வரித் திருத்தம் போட்டார்கள். அந்தத் துண்டைத் தொழிற்சங்கத்தார் கையில் எடுத்துக்கொண்டு அலைந்த பிறகு அதிகாரிகள் வந்து மலையைப் பார்த்தார்கள். கீழ் லயத்துக் குடும்பங்களைப் பாடசாலைக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். சில கிழவர்கள் சாமான் தூக்கும்போது உங்களைத் திட்டினார்கள். நீங்கள் அவர்களின் பானைகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்தீர்கள்.

அடுத்த ஆண்டு மழை உண்மையிலேயே கொட்டியது. கீழ் லயம் முழுவதும் மண்ணுக்குள் போனது. நான் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினேன். நீங்கள் கொப்பியை நீட்டினீர்கள்.

"இந்தத் தடவ மழை அதிகந்தாங்க, தைரியமா எழுதுங்க. ஆனா ஒரு மழைய வச்சு காலமே மாறிருச்சுன்னு எழுதாதீங்க. அதுக்கு என் கொப்பி முழுசையும் பாக்கணும்."

பிறகு பார்த்தோம். உங்கள் கொப்பிகளையும் பழைய பதிவேடுகளையும் வருடக்கணக்காக அருகருகே வைத்துப் பார்த்தோம். மழையே இல்லாத மாசிக் காய்ச்சல் நீண்டுகொண்டு வருவது தெரிந்தது. அதை எழுதியபோது யாரும் மறுக்கவில்லை. நான் எழுதியவற்றில் நான் நம்புகிற செய்தி அதுதான்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. மழை என்று யார் செய்தி கொடுத்தாலும், எத்தனை நாள் மழை, அளந்தது யார் என்று கேட்கிறேன். கொழும்பில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அக்கா. கீழ் லயம் புதைந்த அன்று உள்ளே ஒருவர்கூட இல்லை.