நாலும் ஒன்றும் நாற்பத்தொன்று

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவர மாட்டேன் என்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், வந்து உன் தட்டைப் பார்க்கவா முடிகிறது. போன மாதம் போனில் "எப்போடி வர்றே" என்றதற்கு "பார்க்கலாம்மா, வேலை அப்படி, சொன்னா உனக்குப் புரியாது" என்றாயே, புரிந்துகொண்டுதான் மறுவேலை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். நூலகத்து மாடியில் சாயங்கால வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், பைதான் என்று உன் வேலைக்கான கம்ப்யூட்டர் மொழி ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அது மலைப்பாம்பின் பெயர் என்றதும் உன் அப்பா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

முதல் நாளே உன் ஞாபகம்தான். சில மொழிகளில் எழுதியதை முதலில் முழுக்கப் படித்து, மொத்தமாகத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் கம்ப்யூட்டர் வேலையைத் தொடங்குமாம், இது அப்படியில்லை, ஒரு வரியைப் படிக்கும், அதைச் செய்யும், அடுத்த வரிக்குப் போகும் என்றாள் டீச்சர். நம் புத்தக அலமாரி கண்முன் வந்துவிட்டது. கடையிலிருந்து பலகை பலகையாக அது வந்த அன்று, குறிப்புத்தாளை முழுக்கப் படிக்காமல் ஒரு திருகாணியையும் தொடமாட்டேன் என்று அப்பா உட்கார்ந்துவிட்டார், நீயோ ஒரு வரி படித்தாய், ஒரு திருகாணி முடுக்கினாய், கடகடவென்று அலமாரி எழும்பிவிட்டது, கடைசி வரிக்கு வந்த பிறகுதான் அடிப்பலகை தலைகீழ் என்று தெரிந்தது. "அந்த வரிக்கு வந்தாத்தானே தெரியும்" என்று நீ எகிறியது இன்னும் காதில் இருக்கிறது. இந்த மொழியும் உன்னை மாதிரிதான், சில தப்புகளை அந்த வரியில் போய் முட்டிக்கொண்ட பிறகுதான் சொல்கிறது. அலமாரி இன்றைக்கும் கோணலாகத்தான் நிற்கிறது, சரி செய்கிறேன் என்று வந்த அப்பாவை நான் தொட விடவில்லை.

இன்னொன்று கேள், இதில் ஒரு பெயர் வைத்து அதற்குள் எண்ணையும் போடலாம், எழுத்தையும் போடலாம், இதற்குள் இதுதான் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே வேண்டாமாம். என் பிஸ்கட் டப்பாவை நீ ஆசையாய்த் திறந்து, பட்டனையும் நூல்கண்டையும் பார்த்து அழுவாயே, அதே கதைதான். என்னையும் அது அழவைக்கப் பார்த்தது. நீ போய் எத்தனை வருஷம், நீ வர இன்னும் எத்தனை வருஷம், இரண்டையும் கேட்டுக் கூட்டிச் சொல்லும்படி எழுதினேன். நாலு தட்டினேன், ஒன்று தட்டினேன், நாற்பத்தொன்று என்றது! உடனே டீச்சரைக் கூப்பிட்டேன் போ. தட்டுவதெல்லாம் எழுத்தாகத்தான் உள்ளே போகும், எண்ணாக மாற்றச் சொல்லாவிட்டால் நாலையும் ஒன்றையும் பக்கத்தில் ஒட்டிவைத்துவிடும், தப்பென்றுகூடச் சொல்லாது என்று டீச்சர் சிரித்தாள். மாற்றியதும் ஐந்து வந்தது. ஐந்தே எனக்கு அதிகம்தான்.

ஆக, இனி புரியாது என்ற சாக்கு செல்லாது. வேலையில் என்ன தலைவலி என்றாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன். கண்ணுக்கு ஓய்வு கொடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நன்றாக இரு.

நீ வர இன்னும் ஒரு வருஷம் என்ற அந்த ஒன்று நானாகப் போட்டதுதானே. அதனால் இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓடவிட்டு, முதல் கேள்விக்கு மட்டும் நாலு என்று தட்டினேன். இரண்டாவது கேள்வியில் நிற்கிறது, பதில் வராமல் அடுத்த வரிக்கு நகராது. அணைச்சுடட்டுமா என்று அப்பா கேட்டார். இருக்கட்டும், அவ சொல்லட்டும் என்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா