பதினொரு பைப்புகள்

கிளாஸ்கோ
9 பெப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் சளி மாறிவிட்டதா? நான் சுகம்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். நான் பைப் புகைக்கப் பழகியிருக்கிறேன். பழைய சாமான் கடைகளில் தேடித் தேடிப் பதினொரு பைப் சேர்த்துவிட்டேன். ஒன்று செரி மரம், ஒன்று வெறும் களிமண். எந்த மரம் சூடு தாங்கும் என்று மூன்று புத்தகங்கள் படித்தேன். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை முடிந்து வந்தால், அவற்றைத் துடைத்து வைப்பதுதான் என் மிச்ச நாள்.

போன சனிக்கிழமை அறைக்குள் ஒன்றைப் பற்றவைக்க, தீ மணி அடித்து, கட்டடமே தெருவில் இறங்கி நின்றது. சிரிப்பாகத்தான் இருந்தது. பக்கத்து அறைப் பெண், "பதினாலாம் இலக்கம் நீங்கள்தானே?" என்று கேட்டாள். ஒன்றரை வருடத்தில் அவள் என்னோடு பேசியது அதுதான். மணி நின்றதும் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். திரும்பவும் பற்றவைக்கலாமா என்று நினைத்தேன், அப்பா.

வாவியில் தோணி வலிக்கும்போது எதிர்காற்று அடித்தாலும் உங்கள் சுருட்டு அணையாது. என் பைப் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. என்ன செய்யவேண்டும் என்று ஒரு குரல்பதிவில் சொல்லுங்கள். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குடி இந்தப் புகை?" என்று ஏசவும் ஏசுங்கள். ஏசும்போது என் பெயரைச் சொல்லி ஏசுங்கள். இங்கே அதை யாரும் சொல்வதில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
சுகிர்தா