வெறுங்காற்று வளையம்

மார்ச் 4

என் வாயாடிக்கு,

நலம். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. என்ன வேலை என்று கேட்டிருந்தாய். காட்டில் மரங்களைச் சுற்றி வளையம் வளையமாகக் குழாய் நட்டிருக்கிறோம். அதன் வழியாகக் கரியமில வாயு விடுவோம், நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் காற்றில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. ஒரு வளையத்தில் மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க, வெறுங்காற்று. அங்கேயும் அதே குழாய், அதே விசிறிச் சத்தம். மரத்துக்கு வித்தியாசம் தெரியாது. வாயு குடித்த மரங்கள் மளமளவென்று பருத்தன. அவற்றின் இடுப்பளவை எடுப்பது நான்தான்.

இங்கே ஓயாத மழை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஊமை

மார்ச் 19

என் ஊமைக்கோட்டானுக்கு,

மரத்தின் இடுப்பளவு வரை எழுதுகிறீர்கள், நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. குடும்பத்தோடு இருக்க வீடு தருவார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நான் வரட்டுமா?

எங்கள் ஆபீஸை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். "என்னம்மா, வர்றியா இல்லையா? சட்டுபுட்டுன்னு சொல்லு" என்று மேனேஜர் நச்சரிக்கிறார். ஏப்ரல் கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்காரரும் வீட்டைக் கேட்கிறார். 'வா' என்றால் பெட்டியைக் கட்டுவேன். 'வேண்டாம்' என்றாலும் கட்டுவேன், வேறு பக்கம் போக.

சாயங்காலமானால் ரேடியோவோடு சண்டை போடுகிறேன். அதுவாவது வாயைத் திறக்கிறது.

வாயாடி

ஏப்ரல் 2

என் வாயாடிக்கு,

இங்கே ஒரு கூத்து. வெறுங்காற்று வளையத்து மீட்டரில் சாயங்காலம் மட்டும் வாயு அளவு எகிறியது. எங்கேயோ கசிகிறது என்று குழாயையெல்லாம் கழற்றி மாட்டினோம். கடைசியில் எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவரான பெரியவர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். "யோவ், மீட்டர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு யாருகிட்டய்யா பேசுற?"

நம் மூச்சிலும் அதே வாயுதானே. வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படிப்பேன். படித்துவிட்டு வாய்விட்டுப் பதிலும் சொல்வேன். வெட்கமாகப் போய்விட்டது. இனி அங்கே உட்காரக் கூடாது என்று உத்தரவு.

வாயு குடித்த மரங்களும் இப்போது பருக்க மாட்டேன் என்கின்றன. காற்றில் எவ்வளவு கொடுத்தாலும் மண்ணில் சத்து வேண்டாமா என்கிறார் பெரியவர். மற்றபடி நலம்.

ஊமை

ஏப்ரல் 15

என் ஊமைக்கோட்டானுக்கு,

முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் "ம்" என்பதைத் தவிர என்ன சொல்லியிருக்கிறீர்கள்? அந்த மரத்தைக் கண்டதும் வாய் முளைத்துவிட்டதா? மீட்டருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே! பொறாமையாக இருக்கிறது.

மரத்துக்கு வித்தியாசம் தெரியாது என்று எழுதினீர்கள். தெரியும். எனக்கும் குழாய் இருக்கிறது, விசிறி ஓடுகிறது, வருவது வெறுங்காற்று.

அங்கே என்ன பதில் சொன்னீர்களோ, அதை எழுதுங்கள். மாதக் கடைசி வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு போகிற ஊரைக்கூட உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான், தெரியுமல்லவா?

வாயாடி

மே 9

என் வாயாடிக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். இங்கே சுவரெல்லாம் ஈரம். அக்கம்பக்கம் பேச ஒரு ஆள் இல்லை. என் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு நீ எப்படி இருப்பாய்? வாடிப் போவாயே என்று பயந்தேன். 'வேண்டாம்' என்று எழுதவும் கை வரவில்லை.

வளையத்தில் தினமும் நான் சொன்னது ஒன்றுதான்: "வாடி. வந்து என்னைத் திட்டிக்கிட்டாவது இரு." உன் குடையை மாட்ட, கதவுப் பக்கம் இரண்டாவது ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

நீ சொன்னால் சொன்னதுதான். இந்நேரம் போயிருப்பாய், இருந்தாலும் வேறு எந்த முகவரிக்கு எழுதுவேன்? அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரே, இதைப் பிரித்துவிட்டீர்கள் என்றால் திருப்பி அனுப்பாதீர்கள். எப்போதாவது ஒரு பெண் வந்து, தனக்குத் தபால் ஏதாவது வந்ததா என்று கேட்பாள். நிறையப் பேசுவாள். அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

வெறுங்காற்று வளையத்தில் இப்போது அளவு சரியாக இருக்கிறது. பெரியவருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

ஊமை