பதினேழாம் கை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்பது உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆய்வேடு முடிந்தது. அடுத்த வியாழன் வாய்மொழித் தேர்வு. என் ரோபோ கை ஜக்கைத் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறது. பேராசிரியர் நேற்று கைதட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது.

அப்பாவுக்குக் கை நடுக்கம் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதாகவும், போன வருஷம் என்று நீ சொன்னதாகவும், இல்லவே இல்லை, இந்த வருஷம்தான் என்று அப்பா சாதித்ததாகவும் எழுதியிருந்தாய். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் அக்கா. தேதி என்னிடம் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா என்னைப் பார்க்க வந்தாரல்லவா? ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்க அப்போது இருபது பேருடைய கை அசைவு வேண்டியிருந்தது. அவருக்கும் சென்சார் கையுறையை மாட்டி உட்கார வைத்தேன். பதினேழாம் ஆள். “தண்ணி ஊத்துறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா? உங்கக்கா ஓசியிலேயே ஊத்துவாளே” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

ஊற்றி முடித்துக் கையை மேசைமேல் சும்மா வைத்திருந்தபோதெல்லாம் வரைபடத்தில் ஒரு மெல்லிய அதிர்வு. நொடிக்கு ஐந்து முறை. மற்ற பத்தொன்பது பேரிடம் அது இல்லை. எங்கள் வேலையில் வேண்டாததை எல்லாம் இரைச்சல் என்போம். ஒயர் தளர்ந்திருக்கும் என்று நினைத்து, ‘பதினேழாம் கை: இரைச்சல், நீக்கப்பட்டது’ என்று எழுதி வடிகட்டிவிட்டேன். உன் கடிதம் வந்தபின் கோப்பைத் திறந்தேன். நான் எழுதியது அப்படியே இருக்கிறது.

அதிர்வை எடுத்துவிட்ட அப்பாவின் கையைத்தான் ரோபோ நன்றாகக் கற்றுக்கொண்டது. கடைசிச் சொட்டு விழாமல் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவாரே, அதையும் செய்கிறது.

தேதி போட்ட வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் கொடு. அப்பாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், மெஷின் சிந்தாம ஊத்துதா என்று கேட்டார். ஊத்துதுப்பா என்றேன்.

சாப்பிடும்போது மேசையெல்லாம் ஈரமாக்குகிறார் என்று அவர் கையிலிருந்து ஜக்கை வாங்கி வைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். தனியாகக் கிடந்து அல்லாடுகிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஜக்கை அவரிடமே கொடுத்துவிடு. சிந்தட்டும். வியாழன் முடிந்ததும் நான் வந்து துடைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை