ரொட்டி வேனில் ஏறிய மலை

செப்டம்பர் 11, 2017, திங்கள்

ஃபிஜாக்கில் இருந்து கிளம்பப் பத்தரை ஆகிவிட்டது. இவோன் டயரை மூன்று முறை அழுத்திப் பார்த்தான், காபி இரண்டு முறை குடித்தான். என் மனைவி மரீஸின் தம்பி. அறுபத்தாறு வயது, என்னைவிட ஒன்று குறைவு. சைக்கிளைத் தொட்டதும் பன்னிரண்டு வயதாகிவிடுகிறது.

எங்கள் பயண அட்டையில் முப்பது பழைய ஊர்கள். ஒவ்வொன்றிலும் ரொட்டிக்கடையிலோ காபிக்கடையிலோ ஒரு முத்திரை வாங்க வேண்டும். மிதித்தே போக வேண்டும் என்பதுதான் எங்கள் சைக்கிள் சங்கத்தின் ஒரே விதி. யாரும் வந்து சோதிப்பதில்லை, நம் வார்த்தைதான் சாட்சி. நான்கு வருடத்தில் இருபத்திரண்டு ஊர் முடித்துவிட்டோம். மீதி எட்டும் செலே, லோத் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில்.

கிளம்பும்போது மரீஸ் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டாள். "போன வருஷம்தான் அவன் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க. ஏத்தம் வந்தா நீ முதல்ல இறங்கிடு. நீ இறங்கினா அவனும் இறங்குவான். உன்கிட்ட தோக்கறது மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது."

சரி என்றேன். இதில் என்ன கஷ்டம்?

செப்டம்பர் 12

ஆற்றோரமாகவே நாற்பது கிலோமீட்டர். மூன்று முத்திரை. மார்சியாக்கில் இடிந்த மடத்து நிழலில் ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும். முழங்கால் வலிக்கிறது. இவோனிடம் சொல்லவில்லை, சொன்னால் சாயங்காலம் வரை கிண்டல்.

செப்டம்பர் 13, புதன்

இன்று ரோக்வியேய். ஊர் செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கிறது. கீழே ஆற்றுப் பாலத்திலிருந்து நான்கு கிலோமீட்டர், ஏழு வளைவு. அந்தக் காலத்தில் எதிரி ஏறக் கூடாது என்று கட்டினார்கள். அறுபத்தேழு வயதுக்காரன் ஏறலாமா என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

முதல் வளைவிலேயே இவோன் இறங்கிவிட்டான். எனக்கு முன்னால்! முப்பது வருடத்தில் இது முதல் தடவை. முகம் வெளுத்திருந்தது. "செயின் சரியில்ல. நீ போ மச்சான், நான் பாலத்துல இருக்கேன்" என்றான். செயினில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேயே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று இன்னும் வேகமாக மிதித்தேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதத்தான் வேண்டும் — சந்தோஷமாக இருந்தது.

அவன் கண்ணிலிருந்து மறைந்தேன். மூன்றாம் வளைவில் முழங்கால் கையை விரித்துவிட்டது. கல் சுவரில் உட்கார்ந்திருந்தபோது ரொட்டி வேன் வந்து நின்றது. மேலே கடை வைத்திருக்கும் அம்மாள். "ஏறுங்க, எப்படியும் நான் மேலதானே போறேன்?" சைக்கிளை ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே படுக்க வைத்தார். கடைக்குப் போனதும் நான் கேட்காமலேயே அட்டையை வாங்கி முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

இறக்கத்தில் வந்தது ஐந்து நிமிடம். பாலத்தில் இவோன் எழுந்து நின்றான்.

"ஏறிட்டியா மச்சான்?"

அட்டையைக் காட்டினேன். பொய் சொல்லவில்லை. அட்டையைத்தான் காட்டினேன்.

(இல்லை. அது பொய்தான்.)

செப்டம்பர் 14

என் முழங்கால் வலிக்காகப் பாலத்துக்குப் பக்கத்து விடுதியிலேயே இன்றும் தங்கல். சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர், எல்லோரும் சைக்கிள்காரர்கள். இவோன் ஒருவரையும் விடவில்லை. "என் அக்கா புருஷன். அறுபத்தேழு வயசு. நேத்து ரோக்வியேய் ஏறிட்டு வந்து, ஏதோ கடைக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி நிக்கறான். நான் முதல் திருப்பத்துலயே படுத்துட்டேன்."

லில் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "நடுவுல எங்கயாவது நின்னீங்களா?" என்று கேட்டார்.

"கால் ஊனவே இல்லை" என்றேன்.

யார் கேட்டார்கள் அந்த "இல்லை"யை? ஒரு "நின்னேன்" போதுமே. நேற்று பேசாமல் இருந்தேன், இன்று வாயைத் திறந்தே புளுகினேன். இவோன் என் தோளில் தட்டினான். சாயங்காலம் சைக்கிளில் மாட்டியிருந்த என் பையையும் அவனே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். "முழங்காலைப் பாத்துக்கோ, ஹீரோ." தடுக்கவில்லை நான். பின்னாலேயே வெறுங்கையோடு படியேறினேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

காலை ஏழு மணி. அவன் படுக்கை காலி. தலையணையில் ஒரு சீட்டு: "அந்த மலையை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். அக்காவிடம் மூச்சு விடாதே."

போன் அடித்தேன், எடுக்கவில்லை. கிளம்பிப் போய்விடலாம் — இந்த முழங்காலோடு?

அதே நாள், சாயங்காலம்

நான்காம் வளைவில் விழுந்திருக்கிறான். மாரடைப்பு. ரொட்டிக்கடை அம்மாள்தான் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். கஹோர் மருத்துவமனையில் இருக்கிறான். உயிர் இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்கிறார்கள்.

அந்த அம்மாள் அவன் சைக்கிளை வேனில் கொண்டுவந்து விடுதி வாசலில் இறக்கினார். நான் அவனுக்கு உறவு என்று தெரியாமல், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பேசினார்.

"கீழ்த் திருப்பத்துலயே வண்டிய நிறுத்திக் கேட்டேங்க, ஏறிக்கறீங்களான்னு. மனுஷனுக்கு மூச்சு வாங்குது. வேணாம்னுட்டார். 'என் மச்சான் கால் ஊனாம ஏறினான், நான் ஏற மாட்டேனா'ன்னார். இந்த வயசுல என்ன வீம்பு, சொல்லுங்க? யாருங்க அந்த மச்சான்?"

நான்தான் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. ஏதாவது சொல்லித் திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. சைக்கிளைப் பிடிக்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று அவரே சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்.

மரீஸ் சொன்னது, இறங்கிடு. நானும் இறங்கினேன்தான். அதை வெளியே சொல்லியிருந்தாலே போதும், அவன் இன்று மேசையில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான். இதைவிடச் சுலபமான வேலையை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை.

செப்டம்பர் 17

இன்னொரு ஸ்டென்ட். பிழைத்துவிட்டான். மருத்துவமனை வராந்தாவில் மரீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இருந்தியே, அதுவே பெரிசு" என்றாள். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று இருந்தது. காபி வேண்டுமா என்று கேட்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இவோன் எங்கள் வீட்டில். பத்து நாள் ஓய்வு. மத்தியானம் உப்பில்லாத சூப்பைப் பழித்துக்கொண்டே சாப்பிட்டான், பிறகு ஆரம்பித்தான். "தப்பு என்னோடதுதான்க்கா. இந்தாள் மாதிரி நானும் கால் ஊனாம ஏறிடலாம்னு..."

மரீஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னிடம் திரும்பினாள். "நீ முதல்ல இறங்கலையா?"

எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "இறங்கினேன். மூணாவது வளைவுல. அப்புறம்... ரொட்டி வேன்ல போனேன். அவன்கிட்ட சொல்லல."

இவோன் சிரித்துவிட்டான். "ரொட்டி வேன்லயா? பிள்ளத்தாச்சி மாதிரியா? நான் உன் பையைத் தூக்கினேனேடா!" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நீயும் இறங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வந்திருக்கும் மச்சான். அவ்வளவுதான்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மரீஸ் எழுந்தாள். தட்டுகளை எடுத்தாள். என் தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 26

என் அட்டையைச் சங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன். மூன்று வரி எழுத ஒரு காலைப் பொழுது ஆனது.

அக்டோபர் 20

மரீஸ் பேசுகிறாள். கதவைச் சாத்து. மருந்து எடுத்தியா. கறிக்கடை திறந்திருக்கா பார். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் எவ்வளவு வேறு பேச்சு பேசியிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

பிப்ரவரி 6, 2018

கொட்டகையில் ஒரு புது சைக்கிள். நீல நிறம், பெண்கள் சைக்கிள். யாருக்கு என்று கேட்டேன். "எனக்கு" என்றாள். இருபது வருடமாகச் சைக்கிளைத் தொடாதவள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஏப்ரல் 15, ஞாயிறு

இவோனுக்கு டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார், சமதளத்தில் மட்டும். லோத் கரையோரமாகப் பதினைந்து கிலோமீட்டர். மூன்று பேர் போனோம். மரீஸ் அவன் பக்கத்திலேயே ஓட்டினாள், தடுமாறிக்கொண்டு, கழுத்தெல்லாம் சிவந்து. நான் பின்னால்.

படகுத்துறை தாண்டி ஒரு சின்ன மேடு. குழந்தைகூட ஏறிவிடும். இவோன் கியரை மாற்றி எழுந்து நின்று மிதிக்கப் பார்த்தான்.

"இறங்கு" என்றாள் மரீஸ். அவளே முதலில் இறங்கினாள்.

அவன் முனகிக்கொண்டே இறங்கினான். "வா ஹீரோ, வேன் வருதான்னு பாரு" என்று பின்னால் திரும்பிக் கத்தினான். அக்காவும் தம்பியும் சேர்ந்து தள்ளிக்கொண்டு மேலே போனார்கள்.

மரீஸ் என்னை இறங்கச் சொல்லவில்லை. நான் இறங்கினேனா என்று திரும்பியும் பார்க்கவில்லை. இறங்கி, அவர்களுக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன்.