முதல் வளையத்தின் இடம்

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. விடியவே வீட்டுக்குள் மண். இரண்டு தரம் கூட்டியாயிற்று. தைக்கக் கொடுத்த பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு இன்னும் பொத்தான் வைக்க மிச்சம்.

என் வீட்டுக்காரர் டெரிக் தோணியை விற்கப் போகிறாராம். பின்வளவில் கவிழ்த்து வைத்த நாளிலிருந்தே எனக்குள் இந்தப் பயம். ஆனாலும் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் இருந்து, உப்பை எடு என்பது போலச் சொன்னார். ஞாயிறு வாழைச்சேனையிலிருந்து ஒருவர் தோணி பார்க்க வருகிறாராம்.

"கை கொஞ்சம் சரியாகட்டுமே. பொறுங்களன்."

"இதுக்கு மேல சரியாகாது புள்ள. டொக்டர் சொல்லக்குள்ள நீயும்தானே நிண்டாய்."

நின்றேன்தான். மாசியில் றோட்டில் படுத்திருந்த எருமையில் மோட்டார் சைக்கிள் மோதியது. இடது முழங்கைக்குள் தகடு. கை மடங்கும், முழுதாக நீளாது. வலது கைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய தூண்டிலுக்கு இரண்டு கையும் வேண்டும். கொக்கியில் இறகைக் கட்டி, பூச்சி என்று மீனை ஏமாற்றுகிற தூண்டில். வலது கை தடியை வீச, இடது கை லைனை இழுத்து இழுத்து விடும். விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர்களைத் தோணியில் ஏற்றிப் போய்ப் போய்ப் பழகினார். கடைசியில் அவர்களே இவர் வீசுவதைப் படம் எடுத்தார்கள்.

இப்போது விடுதியிலிருந்து போன் கோல் வந்தால் எடுப்பதில்லை.

ஜூலை 9, புதன்

காற்று குறையவில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

அலுமாரிக்கு மேலே கிடந்த நீளப் பெட்டியை இறக்கினேன். விபத்துக்கு முதல் அவர் தனக்கென்று வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த தடி. நாலு துண்டு, பூட்டினால் கூரையை முட்டும். நுனி ஈர்க்கு மாதிரி. கைப்பிடியும் ரீல் பூட்டுகிற இடமும் அப்போதே ஒட்டி வைத்துவிட்டார். வளையங்கள் மட்டும் பாக்கி. லைன் ஓடுவதற்காகத் தடி நெடுகிலும் நூலால் சுற்றிக் கட்டுகிற கம்பி வளையங்கள். அடியில் பெரிது, நுனிக்குப் போகப் போகச் சிறிது. இடைவெளியும் அப்படியே நெருங்கிக்கொண்டு போகும். எது எங்கே என்று பெட்டிக்குள் ஒரு தாள்.

நூல் சுற்றுவது எனக்கு ஒரு வேலையா? தாளில் போட்டபடி அளந்து, முதலில் டேப்பால் ஒட்டினேன்.

டெ. விறாந்தையிலிருந்து: "இப்ப என்னத்துக்கு இந்த வேலை?"

"முடிச்சு வச்சா தோணியோட சேத்துக் குடுக்கலாம்."

பொய். எனக்கே என் நோக்கம் சரியாகத் தெரியாது. அவர் கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று முழுக்கத் தையல். கல்யாணச் சட்டை இரண்டு. எழுதவில்லை.

இன்று நூலை எடுத்து முதல் சுற்றுப் போடப் போனேன். முதுகுக்குப் பின்னால் குரல்.

"வளைச்சுப் பாக்காம கட்டாத."

"எப்படி வளைக்கிற? வந்து காட்டுங்க."

வந்தார். வருவார் என்று நினைக்கவில்லை. வளையங்களுக்குள்ளால் லைனைக் கோத்து, அதன் முனையைக் குசினி யன்னல் கம்பியில் கட்டச் சொன்னார். பிடியை வலது கையால் பின்னுக்கு இழுத்தார். தடி வில்லாக வளைந்தது. லைனும் அந்த வளைவோடேயே போகவேண்டுமாம். வளைவை விட்டுக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அங்கே வளையங்கள் தூரம், பாரம் எல்லாம் ஒரே இடத்தில் விழும், பெரிய மீன் என்றால் முறிந்துவிடும். எங்களுடையதில் வெட்டவில்லை. வடிவாக ஒட்டிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை.

பிறகு நடந்தது. பழக்கத்தில் இடது கை லைனைப் பிடிக்க முதல் வளையத்தின் அடிக்குப் போனது. போய்ச் சேரவில்லை. பாதியில் நின்றது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். தடியை மேசையில் மெதுவாக வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டார்.

இரவு பாண், பருப்பு. பெட்டியை இறக்கியிருக்கக் கூடாதோ.

ஜூலை 12, சனி

செலின் வந்தாள், டெ.இன் தங்கச்சி. சட்டைக்கு அளவு கொடுக்க.

"அண்ணன் ஏங்கா முகத்த இப்படி வச்சிரிக்கார்?"

"சும்மா இரு. கைய மடக்கு."

சட்டைக்கைக்கு எப்போதும் முழங்கையை மடக்கச் சொல்லித்தான் நாடா பிடிப்பேன். நேராக நீட்டி அளந்தால் மடக்கும்போது இழுக்கும். நாடாவைச் செலினின் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டேன். தடிப் பெட்டிக்குள் இருந்த அந்தத் தாள் யாருடைய கைக்கு எழுதினது? டெ.இன் கைக்கு இல்லை.

அவள் போனதும் தடியையும் சோக்கையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். தோணியின் அடிப்பலகையில் இருந்தார்.

"வலக் கையால பிடியப் பிடிங்க. இடக் கை எவ்வளவு வரும்? நோகாம."

"எனக்கென்ன கோட்டா தைக்கப் போறாய்?"

"பிடிங்களன்."

பிடித்தார். விரல் வந்து நின்ற இடத்தில் தடியில் சோக்கால் கோடு போட்டேன். தாளில் இருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே. முதல் வளையத்தைக் கழற்றி அங்கே ஒட்டினேன். லைனைப் பிடித்து இழுத்தார். கை எட்டியது. இன்னொரு தரம் இழுத்தார்.

திரும்ப யன்னல் கம்பி. இப்போது முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் லைன் குறுக்கே வெட்டுகிறது. இரண்டாவதைக் கீழே தள்ளினால் மூன்றாவது தூரம். மூன்றாவதைத் தள்ளினால் நாலாவது. ஒட்டுவதும் கழற்றுவதுமாக விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. நான் தள்ள, அவர் இழுக்க.

கடைசியில் அவர்தான் சொன்னார்: "இருக்கிறது காணாது. இன்னும் ஒரு வளையம் வேணும்."

மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத சாமான். ஆனால் சொல்லும்போது அவர் குரலில் சலிப்பு இல்லை. யோசனைதான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும். திரும்பி வந்தால் பின்வளவில் அரத்தின் சத்தம். துருப்பிடிக்காத கம்பித் துண்டொன்றை ஆணியைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். குறடு இடது கையில். நெற்றியெல்லாம் வியர்வை. முதலில் செய்த இரண்டும் கோணல், காலடியில் கிடந்தன. மூன்றாவதை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து என்னிடம் நீட்டினார்.

"உன்ட பட்டு நூல இதுக்குள்ளால ஓட்டிப் பார். சிலும்புதா?"

ஓட்டினேன். சிலும்பவில்லை.

அந்த நேரம்தான் வாழைச்சேனை ஆள் வந்தார். எங்கள் வயதுதான். தோணியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், நல்ல தோணி என்றார். டெ. வளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, குறை நினைக்காதீங்க. இந்தக் கிழம எனக்குத் தோணி வேணும்."

"அப்ப அடுத்த கிழம?"

"புறகு சொல்றன்."

"ஒரு கோல் எடுத்துச் சொல்லியிரிக்கலாமே அண்ணன். இந்த வெயிலுக்க வந்திரிக்கன்."

நியாயம். இறைச்சிக் கறியோடு சோறு கொடுத்து அனுப்பினோம். நல்ல மனிதர், இரண்டாம் தரமும் கறி கேட்டார். டெ. தோணியை விற்கவில்லை என்று சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

நேற்றும் இன்றும் நூல் சுற்றல். கறுப்பு வேண்டுமென்றார். என்னிடம் கல்யாணச் சட்டையில் மிஞ்சிய மரூன் பட்டு. மரூன்தான். ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் மறு சுற்று, இடைவெளி விழாமல். வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "இடப்பக்கம் கொஞ்சம்... போதும்."

நூலுக்கு மேலே பிசின். ஒரு பக்கம் வடியாமல் தடியை உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கரண்ட் போய்விட்டது. இரண்டு கதிரையின் முதுகில் தடியைக் கிடத்தி, அவர் உருட்ட, நான் டோர்ச் பிடித்தேன். எருமையைப் பற்றி முதல் தரம் கதைத்தார். அது எழும்பி, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து போனதாம். இரண்டு பேரும் சிரித்தோம்.

செலின் சட்டை தொடவே இல்லை. நாளைக்குக் கட்டாயம்.

ஜூலை 17, வியாழன்

காற்று இல்லை. வாவி கண்ணாடி.

விடிய முதல் தோணியைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனார். நானும் வரட்டா என்றேன். "இல்ல புள்ள, முதல் நாள்." பத்து மணி வரைக்கும் வாசல் படலைக்கும் மெஷினுக்குமாக நடந்தேன். செலினின் சட்டைக்கை ஒன்றைப் பிழையாகப் பூட்டி, பிரித்தேன்.

இடுப்பு வரை நனைந்து வந்தார். கையில் மீன் இல்லை. தடி முழுசு. புட்டும் கத்தரிக்காயும் இரண்டு கோப்பை, நின்றபடியே சாப்பிட்டார்.

முந்தி வீசும் தூரத்தில் பாதிதான் போகிறதாம். தோள் நோகிறதாம். "ஆனா கொடுவா மீன் கண்டல் மரத்து வேருக்கு அடியிலதானே கிடக்கும். அதுக்கு எவ்வளவு தூரம் வேணும்?" கிட்டப் போய் வீசியிருக்கிறார். ஒன்று தூண்டிலில் அடித்திருக்கிறது. தடி பிடி வரைக்கும் வளைந்ததாம். கடைசியில் வேருக்குள் ஓடி அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் விடுதிக்குக் கோல் எடுத்து அவர்களுக்கும் சொன்னார்.

"எவ்வளவு பெரிசு?" என்றேன்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வலது கை போனது. இடது கை பாதியில் நின்றது.

"இத விடப் பெரிசு" என்றார்.