காபன் தாளில் என் இடது கால்

டாக்டர், உங்கள் ஆராய்ச்சியைத் திருடிவிட்டார்கள். உப்பளத்தில் வேலை செய்பவர்களின் கால் புண்களைப் பற்றி நீங்கள் வருடக்கணக்காகச் செய்த வேலை, உங்கள் பேராசிரியரின் பெயரில் அச்சாகியிருக்கிறது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில்கூட நீங்கள் இல்லை.

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் காபன் தாளின் வாசம் வந்தது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் உப்பளத்து ஆட்கள் நாங்கள் உங்களிடம் வருவோம். ஒவ்வொருவராக வெறுங்காலைத் தாளில் வைக்க, நீங்கள் குந்தியிருந்து காலின் ஓரத்தையும் புண் இருக்கும் இடத்தையும் பென்சிலால் வரைவீர்கள். தாளுக்கு அடியில் காபன், அதற்கும் அடியில் இன்னொரு தாள். ஒருவர் கேட்டார்: "டாக்டர், என்ட காலுக்குச் சப்பாத்தா தைக்கப் போறீங்க?"

"ஓம். முதல்ல காலைக் கழுவிட்டு வாங்க."

மேல் தாள்களை ஒரு கட்டாகவும் காபன் பிரதிகளைத் தனியாகவும் கட்டி, என்னை நம்பி என் வீட்டில் அமானிதமாக வைத்தீர்கள். உங்கள் உம்மாவோடு நீங்கள் ஆஸ்பத்திரியில் நின்ற வாரம் பேராசிரியரின் ஆள் வந்தார். நீங்கள்தான் அனுப்பியதாகச் சொன்னார். வீடு தேடி வந்தவரிடம் கையெழுத்துக் கேட்பது நம் ஆட்களுக்கு வராது. தேத்தண்ணீர் கொடுத்தேன். மேல் தாள் கட்டையும் கொடுத்தேன்.

நீங்கள் ஏசவில்லை. மூத்த சகோதரனை அழைக்கிற அதே பிரியத்தோடு, "நானா, காபனை மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க" என்றீர்கள். ஏசியிருந்தால் இவ்வளவு நோகாது.

பிறகு பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு கேட்டுப் போனீர்கள். உங்கள் பெயரில் கட்டுரைகள் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கவலையோடுதான் கண்மூடி மவுத்தானீர்கள்.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத நான், அகராதியை வைத்துக்கொண்டு பேராசிரியர் பெயரில் வந்த அந்தக் கட்டுரையைச் சொல் சொல்லாக வாசித்தேன். அதிலிருந்துதான் இங்கிலீஷ் படித்தேன். ஒரு கட்டுரையைப் பின்னால் வருகிறவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு ஆராய்ச்சியாளரை மதிக்கிறார்களாம். மாதாமாதம் போனில் பார்க்கிறேன். அந்த எண்ணிக்கை ஏறுகிறது. ஒவ்வொன்றும் பேராசிரியருடைய கணக்கில் ஏறுகிறது.

கட்டுரை வந்த சஞ்சிகைக்கு எழுதினேன், பல்கலைக்கழகத்தைக் கேட்கச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன், பாதிக்கப்பட்டவரே முறைப்பாடு செய்ய வேண்டுமாம். மையவாடியில் மண்ணுக்குள் இருந்து நீங்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவீர்கள்? உப்புக்காற்றில் காபன் கோடுகள் மங்குகின்றன. என் கண்ணும் மங்குகிறது. யாரிடம் போவதென்று தெரியவில்லை, டாக்டர்.

ஆனாலும் விடமாட்டேன். பேராசிரியர் தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். சஞ்சிகை ஆசிரியர் உங்கள் பெயரை முதலில் போட்டுத் திருத்தம் வெளியிட வேண்டும். பல்கலைக்கழகம் உங்களுக்கு மறுத்த பதவியை, நீங்கள் இல்லாவிட்டாலும், எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாள் கட்டை யாரிடம் கொடுத்தேன், ஏன் கேட்காமல் கொடுத்தேன் என்று நான் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு அவர்களில் ஒருவராவது இங்கே வர வேண்டும். அந்தக் கட்டுரையின் இரண்டாவது படம் என் இடது கால். உங்கள் கையெழுத்தும் திகதியும் உள்ள காபன் பிரதி என்னிடம் இருக்கிறது. அந்தப் புண்ணின் வடு இன்னும் என் குதிகாலில் இருக்கிறது. என்னை அடக்கி இந்தக் காலையும் மண்ணுக்குள் வைக்குமுன் வந்து அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.